மதகு முதலில் விழிக்க வேண்டும்

போன மாதம் கிள்ளானிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. நான் வேலை பார்த்த மதகு வீட்டில் இப்போது இருப்பவர்கள் பேசினார்கள். மின்சாரம் போய்த் திரும்பும்போதெல்லாம் கணினித் திரையில் தேதி ஏதோ பழைய வருடத்தைக் காட்டுகிறதாம். அந்தத் தேதி சரியாவதற்கு முன்பே இரும்புக் கதவு நகர ஆரம்பித்துவிடுகிறதாம். "அங்கிள், இது ரோசாக் ஆயிடுச்சா? புது மிஷின் வரப்போகுது, இதையும் சரி பண்ணச் சொல்லவா?" என்று கேட்டார்கள்.

ரோசாக் ஆகவில்லை, பழுது ஒன்றுமில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒருவர் பாடுபட்டுச் செய்து வைத்தது அது. புது மிஷினிலும் அப்படியே இருக்கட்டும் என்றேன். ஏன் என்று அலுவலகத்துக்கு வந்து எல்லாருக்கும் சொல்லுங்கள் என்றார்கள். நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. கூட்டம் என்றால் கதவோரம் நின்றே பழகியவன் நான். எழுதச் சொன்னால் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு நின்றது. ஆனாலும் பத்திரிகையை வரி விடாமல் படித்து வந்ததால் எழுத்து என்னை விட்டுப் போகவில்லை.

அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தேன். பிறகு சாலாக் செலாத்தானுக்குக் குடிவந்தோம். கால்வாய் அள்ளும் குத்தகைக் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, லோரியின் பின்னால் நின்றுகொண்டே செராஸ் பக்கம் உள்ள எல்லாக் கால்வாய்களையும் பார்த்தேன். முதுகு கெட்டுப்போனதும், தூக்கிச் சுமக்கும் வேலை இவனுக்கு வேண்டாம் என்று இரக்கப்பட்டு என்னைக் கிள்ளானுக்கு, மதகு பார்க்க அனுப்பினார்கள். முதுகைக் காரணம் காட்டி முன்கூட்டியே ஓய்வு வாங்கும் வரை அங்கேதான் இருந்தேன்.

மதகு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கிள்ளான் தாழ்வான ஊர். கடல் ஏறினால் ஆறும் ஏறும். ஆற்றோரம் மண்கரை, கரைக்கு இந்தப் பக்கம் ஒரு தாமான், வரிசை வரிசையாக வீடுகள். வீடுகளின் மழைத் தண்ணீர் ஒரு பெரிய கால்வாயில் சேர்ந்து ஆற்றுக்குப் போகும். கால்வாய் ஆற்றைத் தொடும் இடத்தில் ஓர் இரும்புக் கதவு. ஆறு இறங்கியிருக்கும்போது கதவைத் திறந்து உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே விட வேண்டும். ஆறு ஏறும்போது மூட வேண்டும். மூடிய பிறகும் மழை பெய்தால் பம்பு போட்டு வெளியே இறைக்க வேண்டும். வேலை இவ்வளவுதான், ஆனால் நேரம் தவறக் கூடாது. முந்தி மூடினால் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். பிந்தி மூடினால் ஆற்றுத் தண்ணீர் வரும்.

அந்தத் தாமானில் கடைசி வரிசையில் கடைசி வீடு, எல்லா வீட்டையும்விடத் தாழ்ந்த வீடு, குப்பு அண்ணனுடையது. அவரும் நானும் ஒரே ஷிஃப்ட். அவர் மனைவி பாக்கியம் அக்கா வாதத்தில் விழுந்து, ஒரு பக்கம் அசைவில்லாமல் படுக்கையில் இருந்தார். பேச்சு மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. குப்பு அண்ணன் வேலையில் இருக்கும்போது பக்கத்து வீட்டு ஆன்டி வந்து வந்து பார்த்துக்கொள்வார். மாடி இல்லாத வீடு. தண்ணீர் வந்தால் அக்காவால் எழுந்து போக முடியாது. கதவு ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் குப்பு அண்ணன் கதவைப் பார்க்க மாட்டார், வீடு இருக்கும் பக்கம்தான் பார்ப்பார்.

நான் போன காலத்திலேயே மதகைக் கணினி பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. எங்கள் அறையில் இரண்டு பெட்டிகள். ஒன்று மேசை மேல் திரையோடு இருக்கும் பெரிய கணினி. யூனிக்ஸ் என்று அதற்குப் பெயர் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தண்ணீர் மட்டத்தைப் பதிவு செய்வதும், ஷா ஆலத்தில் இருந்த தலைமைக் கணினியோடு பேசுவதும் அதன் வேலை. இன்னொன்று சுவரில் மாட்டிய சின்ன இரும்புப் பெட்டி. கதவையும் பம்பையும் நகர்த்துவது அதுதான். அது பெரிய வேலை எதுவும் செய்யாது, ஆனால் செய்வதை அந்த நொடியிலேயே செய்யும். பொத்தானை நாங்கள் அழுத்தினாலும் சின்னப் பெட்டி விழித்திருந்தால்தான் கதவு கேட்கும்.

கையால் சுற்றும் சக்கரம் ஒன்றும் உண்டு. இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சுற்றினாலும் கதவு பாதி இறங்குவதற்குள் ஆறு உள்ளே வந்துவிடும்.

இப்போது இடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இடி இடித்தால் எல்லார் வீட்டிலும் என்ன செய்வோம்? டிவி பிளக்கைப் பிடுங்குவோம், தொலைபேசிக் கம்பியைக் கழற்றுவோம். மதகு வீட்டிலும் அதே பழக்கம்தான். ஒரு தடவை மின்சாரக் கம்பி வழியாக மின்னல் இறங்கி இரண்டு பெட்டிகளும் பொசுங்கிப் போயின. மாற்றுச் சாமான் வரும்வரை ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன்னதாகவே சக்கரத்தைக் கையால் சுற்றிக் கிடந்தோம். குப்பு அண்ணன் மனைவியை ஷா ஆலத்தில் மைத்துனி வீட்டில் கொண்டுபோய் விட்டார். அதற்குப் பிறகு அப்போதைய மேற்பார்வையாளர், "இடிச் சத்தம் கேட்டா மொதல்ல மெயின் சுவிட்ச அடைங்க, மத்தது பிறகு" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார், அவர் சொன்ன வார்த்தை போகவில்லை. எங்கள் மதகில் மட்டுமில்லை, ஆற்றோரம் இருந்த எல்லா மதகிலும் இடி என்றால் சுவிட்சை அடைத்து மின்சாரத்தை நிறுத்துவதுதான்.

சுவிட்சை அடைப்பதற்கு முன் கதவை மூடிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். இடியோடு மழையும் வரும். கதவை மூடினால் பம்பு ஓட வேண்டும், பம்பு ஓடக் கணினி வேண்டும். ஆகவே கதவைத் திறந்த மேனிக்கு விட்டுவிட்டுத்தான் அடைப்போம். பெரும்பாலும் ஆறு ஏறுவதற்குள் இடி ஓய்ந்துவிடும். சுவிட்சைத் திறந்து மின்சாரம் விடுவோம், கணினி எழுந்து வேலையைப் பார்க்கும்.

பெரிய கணினி எழாமல் சின்னப் பெட்டி விழிக்காது. பெரியது எழுவதற்குத்தான் அவ்வளவு நேரம் பிடிக்கும். திரையில் வெள்ளை வெள்ளையாக வரிகள் மேலே ஏறும். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும், அதனால் வரிகளின் உருவத்தைப் பார்த்துப் பழகியிருந்தேன். ஒரு நீளமான வரி வந்து நிற்கும். கடைக்குப் போய்த் தே தாரிக் வாங்கி வந்து, ஆற்றிக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் அடுத்த வரி வரும். "உங்க அக்காவைக் குளிப்பாட்டி சேலை மாத்திவிட்டுட்டு வந்தாலும் இது எந்திரிச்சிருக்காது" என்பார் குப்பு அண்ணன்.

ஓர் ஆண்டு, தீபாவளிக்கு முந்திய பௌர்ணமி. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் அதிகமாக ஏறும், எங்கள் ஆட்கள் பெரிய தண்ணி என்பார்கள். ஏற்றம் மாலையில். இடி வழக்கத்துக்கு மாறாகப் பிந்தி வந்தது, வந்தும் போக மறுத்தது. குப்பு அண்ணன் சுவிட்சை அடைத்தார். இடி தள்ளிப் போனதும் திறந்தார். அதற்குள் ஆறு ஏற ஆரம்பித்துவிட்டது. வரிகள் ஏறின. நீளமான வரி வந்து நின்றது.

ஆறும் கால்வாயும் ஒரே மட்டத்துக்கு வந்தன. பிறகு கால்வாயில் மிதந்த குப்பை, தாமானைப் பார்த்துப் பின்பக்கமாக ஓட ஆரம்பித்தது. இரண்டு பேரும் சக்கரத்தைப் பிடித்தோம். கொஞ்ச நேரம் சுற்றியவர் கையை எடுத்துவிட்டார்.

"தம்பி, நீ சுத்து. நான் அவளைத் தூக்கணும்."

கரை மேல் ஓடினார். நான் தனியாகச் சுற்றினேன். கணினி எழுந்து கதவு இறங்கி முடிந்தபோது, கடைசி இரண்டு வரிசை வீடுகளுக்குள் தண்ணீர் போயிருந்தது. ஷிஃப்ட் மாறியதும் போய்ப் பார்த்தேன். தண்ணீர் கட்டில் காலைத் தாண்டிப் பாயைத் தொட்டிருந்தது. பக்கத்து வீட்டு ஆன்டியும் குப்பு அண்ணனுமாக அக்காவைத் தூக்கிச் சாப்பாட்டு மேசை மேல் படுக்க வைத்திருந்தார்கள். சேலையெல்லாம் ஈரம், நடுங்கிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "வா தம்பி. மேசை மேல ஏத்தியாச்சு. எலையப் போட்டுப் பரிமாறிட வேண்டியதுதான்" என்றார்.

குப்பு அண்ணன் சிரிக்கவில்லை. அழுக்குத் தண்ணீரில் நின்றபடி அக்காவின் காலைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். "அடுத்த அமாவாசைக்கும் இப்படித்தான் ஆகும் தம்பி. ஆளில்லாத நேரமா இருந்துட்டா?" என்றார்.

மறுநாள் ஷா ஆலத்திலிருந்து பொறியாளர் ஒருவர் வந்தார். பெயர் ரேவதி, நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவரைப் போல் ஒரு மேலதிகாரியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. காரிலிருந்து இறங்கும்போதே சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொள்வார். அறைக்குள் எதைத் தொடுவதற்கு முன்னும் வேலையில் இருப்பவரைப் பார்த்து, "அண்ணே, தொடட்டுமா?" என்று கேட்பார். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் உட்கார மாட்டார், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். ஒரு கேள்வியை ஒரு தடவைதான் கேட்பார். பதில் வரவில்லையென்றால் கச்சான் என்னும் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டிவிட்டுச் சும்மா இருப்பார். யார் செய்தது என்று அவர் கேட்டு நான் கேட்டதே இல்லை. "பிறகு என்ன ஆச்சு?" என்பதுதான் அவருடைய கேள்வி.

"மிஷின் எப்படி எந்திரிக்குதுன்னு மொதல்லருந்து பாக்கணும். மெயின் சுவிட்ச ஒருக்கா அடைச்சுத் திறக்கிறீங்களா அண்ணே?" என்றார்.

மெயின் சுவிட்ச் இரும்பு அலமாரிக்குப் பின்னால், கை நுழைவதே சிரமமான மூலையில் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் டார்ச் அடித்துத் தேடுவார்கள். குப்பு அண்ணன் திரையைப் பார்த்தபடியே கையைப் பின்னால் விட்டார். டக்கென்று திரை இருண்டது.

மிஸ் அந்தக் கையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். "சரி அண்ணே, திறங்க" என்றார்.

கணினி எழுந்து முடியும் வரை வாளியிலிருந்து எழவே இல்லை. எந்த வரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் கச்சானைப் பிரித்தார்.

"ஷா ஆலத்துல எனக்கு ஒண்ணு புரியாமலே இருந்துச்சு அண்ணே. மின்னல் அடிச்சா ஒரு மதகு விழும், ரெண்டு விழும். நம்ம மதகெல்லாம் ஒண்ணா விழுது, ஒண்ணா எந்திரிக்குது. மின்னலுக்கு அவ்வளவு ஒழுங்கு கெடையாதே?"

நான் தரையைப் பார்த்தேன். குப்பு அண்ணன்தான் பேசினார்.

"நாங்கதான் மிஸ் அடைக்கிறோம். எல்லா மதகுலயும் அப்படித்தான். அடைக்கலன்னா பொசுங்கிடும். ஒருக்கா பொசுங்கி நாங்க பட்டது போதும்." கொஞ்சம் நிறுத்தினார். "கடைசி வீடு என் வீடுதான் மிஸ். பொம்பள படுத்த படுக்கையா கெடக்குறா. அவளக் காப்பாத்துறது இந்த மிஷின். அப்ப மிஷின யாரு காப்பாத்துறது?"

வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். மிஸ் கச்சானை மென்றுகொண்டே யோசித்தார்.

"அடைச்சது சரிதான். நானா இருந்தாலும் அடைச்சிருப்பேன். அடைச்சுத் திறந்தா ஏன் இவ்வளவு நேரம் தூங்குது, அதத்தான் பாக்கணும்" என்றார். பிறகு, "அந்த வீட்டப் பாக்கலாமா அண்ணே?" என்று கேட்டார்.

போனோம். பாயை வெயிலில் போட்டிருந்தார்கள். பாக்கியம் அக்கா கட்டிலில் இருந்தபடியே விருந்தாளியை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் மிஷின் டாக்டரா? அதோட சேத்து இவரையும் ரிப்பேர் பண்ணிட்டுப் போ. கூப்பிட்டா இவரும் லேட்டாத்தான் எந்திரிக்கிறாரு."

மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "காலையில எந்திரிச்சதும் அண்ணன் மொதல்ல என்னா செய்வாரு ஆன்டி?" என்று அக்காவைக் கேட்டார்.

"என்னத் திருப்பிப் போடுவாரு. பிறகு மூஞ்சி கழுவுவாரு. பிறகுதான் கோப்பி, பேப்பரு, காலண்டர் கிழிக்கிறதெல்லாம்."

திரும்பி வரும் வழியில் மிஸ் எங்களிடம் சொன்னார்: "நம்ம மிஷின் தலைகீழா இருக்கு. கோப்பி குடிச்சு, பேப்பர் படிச்சு, காலண்டர் கிழிச்சு, கடைசியாத்தான் ஆன்டியத் திருப்பிப் போடுது."

தலைமை அலுவலகத்தில் இதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. நானும் குப்பு அண்ணனும் கதவோரம் நின்றோம். பெரிய அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்குச் சுலபமாகத் தெரிந்த வழி, எல்லா மதகிலும் சுவிட்சை அடைக்கக் கூடாது என்று ஒரு நோட்டீஸ் ஒட்டுவது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று குப்பு அண்ணனைக் கேட்டார்.

"நோட்டீஸ் ஒட்டுனா படிப்பேன் துவான். இடி இடிச்சா அடைப்பேன்" என்று மலாயில் பணிவாகச் சொன்னார் அண்ணன்.

அறையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், பெரிய அதிகாரியும்தான். மிஸ், "இவங்க அடைக்கட்டும். சீக்கிரம் எழுப்ப நான் வழி பண்றேன். அடுத்த பெரிய தண்ணிக்குள்ள முடிச்சுத் தரேன்" என்று வாக்குக் கொடுத்தார். அடுத்த பெரிய தண்ணீர் தீபாவளி அமாவாசைக்கு.

அவர் என்ன செய்தார் என்பதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அந்த நீளமான வரி என்னவென்று முதலில் சொன்னார். வேலை நடுவே மின்சாரத்தைப் பிடுங்கிவிடுவதால், எழுந்ததும் கணினி தன் வட்டு முழுவதையும் சோதித்துப் பார்க்கிறது. வீட்டைப் பூட்டாமல் போனவர் திரும்பி வந்து ஒவ்வொரு டிராயராக இழுத்துப் பார்ப்பது மாதிரி. எத்தனையோ வருடப் பதிவுகள் அதற்குள் கிடந்தன. சோதனை முடியாமல் அது அடுத்த அடி வைக்காது. அவர் வட்டை இரண்டாகப் பிரித்தார். கணினி எழுவதற்குத் தேவையானவை ஒரு பக்கம். அங்கே யாரும் எதுவும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டார். எழுத்தே நடக்காத இடத்தில் சோதிக்க ஒன்றுமில்லை. பதிவுகள் இன்னொரு பக்கம். அவற்றைக் கதவு வேலை ஆரம்பித்த பிறகு நிதானமாகச் சோதித்துக்கொள்ளட்டும் என்று விட்டார்.

அடுத்தது, யாருக்காக யார் காத்திருப்பது என்பது. சின்னப் பெட்டிக்குச் சொந்தமாக ஞாபகம் கிடையாது. எழுந்ததும் தான் செய்ய வேண்டியதைப் பெரிய கணினியிடம் கேட்கும். பெரிய கணினியோ ஷா ஆலத்தைக் கேட்கும். இடி ஓய்ந்ததும் எல்லா மதகும் ஒரே நேரத்தில் சுவிட்சைத் திறக்கும். எல்லாம் சேர்ந்து ஷா ஆலத்தின் கதவைத் தட்டினால் அது யாருக்கென்று பதில் சொல்லும்? தொலைபேசிக் கம்பி அறுந்திருந்தால் இன்னும் மோசம், வராத பதிலுக்காகக் காத்துக் கிடக்கும். மிஸ் சின்னப் பெட்டிக்குள் ஒரு ஞாபகச் சில்லைப் பொருத்தி, அது செய்ய வேண்டியதை அதிலேயே எழுதி வைத்தார். இனி அது யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெரிய கணினி மெதுவாக எழுந்து, மதகுக்கு மதகு கொஞ்சம் முன்பின்னாக ஷா ஆலத்தைக் கூப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளும்.

தேதியும் அப்படித்தான். பெரிய கணினிக்குச் சரியான நேரத்தைச் சொல்வது ஷா ஆலம். முன்பு நேரம் தெரியும் வரை எதுவுமே ஓடாது. "தண்ணி ஏறுதா, கதவு எங்க நிக்குது, இந்த ரெண்டு தெரிஞ்சா போதும். இன்னைக்கு என்ன தேதின்னு ஆறு கேக்காது" என்று மிஸ் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். அதனால்தான் தம்பிகளே, உங்கள் திரையில் பழைய வருடம் தெரிகிறது. கதவு அதற்கு முன்பே தன் வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

சோதித்துப் பார்ப்பது எங்கள் பங்கு. "இழுங்க அண்ணே" என்பார் மிஸ். அடைப்போம், திறப்போம், மறுபடி "இழுங்க அண்ணே". அவரிடம் கைக்கடிகாரம் இருந்தது. குப்பு அண்ணன் மூச்சைப் பிடித்துப் பார்ப்பார். முதலில் மூச்சு முட்டி முகமெல்லாம் சிவந்துபோகும். "போதும் அண்ணே, ஆன்டிக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்று மிஸ் கத்துவார். ஒரு நாள் அண்ணன் மூச்சை விடுவதற்கு முன்பே சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மூன்று பேரும் கைதட்டினோம்.

கைதட்டி முடிப்பதற்குள் வெளியே மோட்டார் சத்தம். குப்பு அண்ணன் ஜன்னலைப் பார்த்து அலறினார்.

"மிஸ், கதவு திறக்குது!"

ஆறு ஏறியிருந்த நேரம் அது. மூடிக் கிடந்த கதவு மேலே எழும்பிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தும் பொத்தானைக் குத்தினேன். சின்னப் பெட்டி விழித்திருந்ததால் நல்ல வேளையாகக் கேட்டது. மறுபடி மூடினோம். கொஞ்சம் தண்ணீர்தான் உள்ளே வந்தது, கால்வாயோடு நின்றுவிட்டது. ஆனால் அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.

"பழைய மாதிரியே இருந்துட்டுப் போகட்டும் மிஸ். லேட்டானாலும் அது தப்பா திறக்காது."

மிஸ் வெளியே போய்க் கால்வாய் ஓரம் நின்றார். அங்கிருந்து ஆற்றையே பார்த்தார். தண்ணீர் மட்டத்தைச் சொல்லும் கருவி ஆற்றுப் பக்கம் ஒரு கம்பத்தில் இருந்தது. அதற்கும் மின்சாரம் வந்து நிதானிக்கக் கொஞ்ச நேரம் வேண்டும். அதுவரை தண்ணீரே இல்லை என்றுதான் சொல்லும். முன்பு பெட்டி எழுவதற்குள் கருவி நிதானித்திருக்கும், யாருக்கும் இது தெரிய வாய்ப்பே இல்லை. இப்போது பெட்டி முந்திக்கொண்டது. ஆற்றில் தண்ணீர் இல்லை என்று நம்பிக் கதவைத் திறந்திருக்கிறது.

உள்ளே வந்து அண்ணன் எதிரே வாளியில் உட்கார்ந்தார். "வேகமா எழுப்பிட்டேன் அண்ணே. கண்ணு தெரியறதுக்கு முன்னாடி நடக்க விட்டுட்டேன். என் தப்பு. இத மட்டும் சரி பண்ண விடுங்க. அதுக்குப் பிறகும் உங்களுக்கு மனசு ஒப்பலன்னா பழையபடி மாத்திடுறேன். நீங்க சொல்றதுதான்."

அண்ணன் சரி என்று தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டி எழுந்ததும் அவசரப்படாது. கருவி தொடர்ந்து ஒரே மாதிரிப் பதில் சொல்லும் வரை கதவைத் திறக்கவே திறக்காது. பதில் சந்தேகமாக இருந்தால் மூடும், பம்பைத் தயாராக வைக்கும். இதனால் எழும் நேரம் கொஞ்சம் கூடியது. குப்பு அண்ணன் மூச்சைப் பிடித்துப் பார்த்தார். முட்டியது, ஆனால் தாங்கினார். "இது போதும் மிஸ்" என்றார். ஏற்றம், இறக்கம், மழை என்று எல்லா நேரத்திலும் இழுத்து இழுத்துப் பார்த்தோம். ஒரு தடவைகூடத் தவறாகத் திறக்கவில்லை.

தீபாவளி அன்று மதகுக்கு விடுமுறை கிடையாது. எங்கள் ஷிஃப்ட்தான். அன்று மாலைதான் பெரிய தண்ணீர். யாரும் கூப்பிடாமலே மிஸ்ஸும் வந்துவிட்டார், புதுச் சேலையும் ஜப்பான் சிலிப்பருமாக, கையில் முறுக்கு டின்னோடு. மதியத்திலிருந்தே வானம் இருட்டிக்கொண்டு நின்றது. எங்கள் மூன்று பேருக்கும் முறுக்கு இறங்கவில்லை.

இடி வந்தது. குப்பு அண்ணன் மிஸ்ஸைப் பார்த்தார்.

"அடைங்க அண்ணே."

திரை இருண்டது. கதவு திறந்தபடி நின்றது. மழை ஊற்றியது. கால்வாய்த் தண்ணீர் ஆற்றைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. இடி தலைக்கு மேலேயே நின்று இடித்தது. ஆறு மெதுவாக ஏறியது. கால்வாய் ஓட்டம் தளர்ந்தது, பிறகு நின்றது. மிதந்து வந்த ஒரு தேங்காய் மட்டை கதவுக்கு நேரே அசையாமல் நின்றதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் இடி கடல் பக்கம் நகர்ந்தது.

அண்ணன் கையை அலமாரிக்குப் பின்னால் விட்டார். இந்தத் தடவை மூச்சைப் பிடிக்க மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். பெரிய கணினியில் முதல் வரிகள்தான் ஏறிக்கொண்டிருந்தன. சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மோட்டார் உறுமியது. கதவு இறங்கியது. தேங்காய் மட்டை தாமான் பக்கம் ஒரு முழம் நகர்ந்து, அங்கேயே நின்றுவிட்டது. பம்பு ஓட ஆரம்பித்தது.

அண்ணன் வீட்டுப் பக்கம் பார்த்தார். நம்ப முடியாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"நான் இங்க பாத்துக்கிறேன். ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றார் மிஸ்.

கரை மேல் ஓடினோம். அண்ணனின் சிலிப்பர் சேற்றில் மாட்டிக்கொண்டது, அதை விட்டுவிட்டு ஓடினார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து, கட்டில் காலைப் பார்த்தார், சுவரோரம் பார்த்தார், குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார்.

பாக்கியம் அக்கா புதுச் சேலையில், தலையணையில் சாய்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"ஐயையோ, பக்கத்து வீட்டு ஆன்டி காலையிலதான் தரையெல்லாம் துடைச்சு விட்டுட்டுப் போனாங்க. நல்ல நாளும் அதுவுமா ரெண்டு பேரும் சேறு அப்பின காலோட உள்ள வரீங்களே? வெளிய போய்க் கழுவிட்டு வாங்க!"

நான் சட்டென்று வாசலுக்குப் பின்வாங்கினேன். குப்பு அண்ணன் நகரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, மண்டி போட்டு, எங்கள் கால்தடங்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார். அக்கா திட்டிக்கொண்டே இருந்தார். அந்தத் தரையில் வேறெங்கும் ஈரமில்லை.